களவெட்டியில் புதைத்த பதினொரு கொப்பிகள்

மீராசா காக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவருடைய சாரம் தொடை வரைக்கும் நனைந்திருந்தது. மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒழுங்கையில் வெள்ளம் வடியவில்லை. தலையில் கவிழ்த்திருந்த பொலித்தீன் பையைக் கழற்றி உதறினார். மடியில் இருந்து ஒரு சிகரட் பெட்டியை எடுத்தார். பெட்டிக்குள் இருந்து நாலாக மடித்த கடுதாசித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கொழும்பில உங்கட சேர் தந்தது. நான் நாளைக்கு லொறியில திரும்பப் போறன். மறுமொழியைக் கையோட வாங்கிட்டு வரச் சொன்னவர்."

அதில் இருந்தது ஒரே ஒரு வரி. "விதானை, கொப்பிகள் பத்திரமா? நான் வியாழக்கிழமை பயணம்."

நான் இரண்டு தரம் வாசித்தேன். அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மா ஊதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?" என்றாள். காக்காவின் காலில் இருந்து வடிந்த தண்ணீர் நிலத்தில் ஓடி என் கால்விரலைத் தொட்டது. அந்தக் குளிர் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

வதனி, ரூபன், போன கிழமை உங்களுக்கு எழுதி அனுப்பிய என் பழைய கதையில் 'எங்கள் வீட்டில் கொஞ்சக் காலம் ஒரு விஞ்ஞானி இருந்தார்' என்று ஒரு வரி வந்தது. ரூபன் ரெலிபோன் எடுத்து, "அப்பா, எருமை மாட்டுக்கு ஒரு பக்கம், அந்த மனுசனுக்கு ஒரு வரியா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எழுதப் பயந்துதான் ஒரு வரியோடு விட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அவருடைய வேலையை விளக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த வேலைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல என்னை விட்டால் இப்போது ஆளும் இல்லை.

"அப்ப சனியா?"

அவர் பெயர் ஞானமுத்து. எங்கள் பகுதியிலே பிறந்து, படித்து, வெளிநாட்டுக்குப் போய் அங்கே பெரிய பல்கலைக்கழகத்தில் இருபது வருசம் இருந்தவர். கலியாணம் முடிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று திரும்பி வந்தார். வந்து சில வருசத்தில் சண்டை பெருத்து, அவர் படிப்பித்த பல்கலைக்கழக வளாகம் மூடிக் கிடந்தது. செங்கலடிப் பக்கத்தில் அவர் இருந்த வீட்டுக் கூரை ஷெல் விழுந்து போய்விட்டது. ஒரு மேசை, ஒரு பாய், ஒரு பெட்டி புத்தகத்தோடு வாவியைத் தாண்டி மேற்கே எங்கள் படுவான்கரைக்கு வந்தார். விதைநெல் வைக்கிற அறையை ஒதுக்கிக் கொடுத்தோம்.

வந்த முதல் கிழமை "நீங்க என்ன வேலை சேர்?" என்று கேட்டேன். "பிரபஞ்சம் எப்படித் தொடங்கிச்சு, எப்படி இந்த நிலைக்கு வந்திச்சு எண்டு கணக்குப் போடுற" என்றார். இது ஊருக்குள் பரவியபோது சாத்திரியார் ஒருவர் வந்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. பக்கத்து வளவுக் கந்தப்போடி மகளின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சேர், இந்தப் புள்ளைக்கு வியாழன் எப்ப மாறுது?"

"வியாழன் இப்ப எங்க நிக்கெண்டு எனக்குத் தெரியாது போடியார். நான் பாக்கிறது அதை விடப் பெரிய சாமான்."

கந்தப்போடி முகம் கறுத்துப் போனார். "அப்ப சனியா?" என்றார்.

சேர் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது. அவரிடம் நட்சத்திரம் பார்க்கிற தூரதரிசினியும் கிடையாது. பென்சில், அடிமட்டம், கொப்பி இவ்வளவுதான். காலையில் பாயில் மல்லாந்து முகட்டைப் பார்ப்பார். பிறகு எழும்பி எழுதுவார். எழுதியதைக் கோடு போட்டு அடிப்பார். உங்கள் அம்மா என்னிடம் இரகசியமாக, "இது வேல வெட்டி இல்லாத மனுசன் போல கா" என்றாள். மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் முற்றத்து மழைக்குள் அவர் நடந்து திரிந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன வேலையோ தெரியா. வயல் வேலையை விடக் கஸ்டம் போல கிடக்கு" என்று மாற்றிச் சொன்னாள்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் அவருடைய பெயரிலேயே ஒரு சமன்பாடு அச்சடித்திருந்தது. என் கண்ணால் கண்டேன். அந்தப் பக்கத்தில் அவர் பெயரை மட்டும்தான் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது.

அது என்னவென்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார். தொடக்கத்தில் எல்லாம் ஒரே சீராகப் பரந்து கிடந்ததாம். அப்படிச் சீராகக் கிடந்தது எப்படித் திரண்டு நட்சத்திரக் கூட்டமாக வந்தது என்பதுதான் அவருடைய கேள்வி. 'எங்கேயோ மிகச் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்திருக்க வேண்டும்; அது எவ்வளவு, எந்த வேகத்தில் பெருத்தது?' நான் சொன்னேன்:

"சேர், எவ்வளவு கெட்டிக்காரன் உரம் எறிஞ்சாலும் ஒரு இடத்தில கொஞ்சம் கூட விழத்தான் செய்யும். அவடத்தில பயிர் கறுத்து நிக்கும்."

"சரி விதானை. ஆனா இஞ்ச எறியிற ஆள் இல்லையே. அதுதான் கரைச்சல்."

"இது எந்த இடத்து மெப்?"

வாவிக்கு அந்தப் பக்கம் ஆமி. இந்தப் பக்கம் இயக்கம். தோணியில் அந்தக் கரைக்குப் போய் இறங்கினால் ஆமிச் சென்றிக் காவலில் பை எல்லாம் கொட்டிக் காட்ட வேண்டும்.

ஒரு முறை சேரின் சட்டைப் பையில் மடித்த கணக்குத் தாள் ஒன்று இருந்துவிட்டது. கிரேக்க எழுத்துகள், வட்டத்துக்குள் வட்டம், அம்புக்குறிகள். சென்றியில் இருந்தவன் அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். பெரியவன் வந்தான். வரைபடம் என்று நினைத்துவிட்டான். "இது எந்த இடத்து மெப்?" என்று கேட்டான். சேருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எல்லா இடத்துக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று பொழுது சாயும் வரைக்கும் அவரை வெயிலில் முழங்காலில் வைத்தார்கள். பின்னால் நின்ற என்னையும். வீட்டுக்கு வந்த பிறகு, "நான் உண்மையைத்தானே சொன்னன்" என்றார். உங்கள் அம்மா அவர் முழங்காலுக்குச் சுடுதண்ணி வைத்துக்கொண்டே, "உண்மை சொல்லுறதுக்கும் இடம் பாக்கணும் சேர்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு தாளும் வாவியைத் தாண்டியதில்லை. எழுதினது எல்லாம் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளில், எங்கள் விதைநெல் அறையிலே சேர்ந்தது. பதினொரு கொப்பி.

அந்த நேரம்தான் வெளிநாட்டில் இருந்து ஒரு கடிதம், எத்தனையோ கை மாறி வந்தது. அங்கே ஒரு இளம் ஆராய்ச்சியாளர், ஞானமுத்துவின் சமன்பாடு ஒரு கட்டத்துக்கு மேலே செல்லாது என்று எழுதியிருக்கிறாராம். தையில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். வந்து பதில் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

சேர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பதில் ஏழாவது கொப்பியில இரிக்கி" என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

உச்சி வெயிலில்

அவர் போகலாம். கொப்பி போக முடியாது. வீட்டில் வைக்கவும் பயம். சுற்றிவளைப்பு என்றால் எழுத்து இருக்கிற தாள் எல்லாவற்றையும் சனங்கள் அடுப்பில் வைத்த காலம் அது. புதைப்பது என்று முடிவெடுத்தோம்.

எங்கே புதைப்பது என்று சொன்னவன் நான்தான்.

நான் அப்போது வட்டை விதானை. வட்டை என்றால் ஒரே வெளியாகக் கிடக்கிற வயல்கள். அதற்குத் தண்ணீர் பங்கிடுவதும், விதைக்கிற நாள் குறிப்பதும், வரம்புச் சண்டை தீர்ப்பதும் விதானை பொறுப்பு. எந்தத் துண்டில் எத்தனை விரல் தண்ணீர் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. எங்கள் வெளியில் ஆக உயரமான இடம் களவெட்டி, சூடு மிதித்து நெல் பிரிக்கிற மேடு. என் அப்பா காலத்திலும் அதில் வெள்ளம் ஏறியதில்லை.

இரவில் வெளிச்சம் கண்டால் வெடி வைப்பார்கள். அதனால் உச்சி வெயிலில் போனோம். அந்த நேரம் வயலில் காகம்கூட நிற்காது. யூரியா பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, சைக்கிள் ரியூப் வெட்டின வாரால் இறுக்கிக் கட்டி, இடுப்பளவு குழியில் இறக்கினோம்.

மண் தள்ள முன் சேர் கேட்டார். "வெள்ளம் வராதெண்டு எப்படித் தெரியும்?"

"வாவி நிரம்பினா கார்த்திகையில முகத்துவாரத்தை வெட்டுவம் சேர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில மணல் திட்டி நிக்கி. நூறு பேர் மண்வெட்டியோட போய் வெட்டினா ஒரே நாளில தண்ணி கடலுக்க இழுத்திடும்."

"வெட்டாட்டி?"

நான் சிரித்தேன். பிள்ளைகளே, நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். "வெட்டாத வருசம் எது சேர்?" என்றேன்.

மண்ணை அவரே தள்ளினார்.

முகத்துவாரம்

அந்த வருசம் வெட்டவில்லை.

சேர் பயண அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆமி புதிதாக முகாம் போட்டிருந்தது. நாங்கள் நாலு வட்டை விதானைமார் மனுவோடு போனோம். வெள்ளைச் சட்டை போட்டு, கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே போய்வந்த மொழிபெயர்ப்பாளர், "மண்வெட்டியோட நூறு பேர் வர ஏலாதாம். பத்துப் பேர் வரட்டாம்" என்றார்.

கந்தப்போடியும் எங்களோடு வந்திருந்தார். "பத்துப் பேர் வெட்டுறதுக்கு அது என்ன மரவள்ளிக் கிழங்கா?" என்று முணுமுணுத்தார். நல்லவேளை, மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். மூன்றாம் நாள் நான் அந்த மொழிபெயர்ப்பாளரின் காலில் விழுந்தேன். மற்றவர்கள் என்னைத் தூக்கிவிட்டு, வேளாண்மைக்காக இவ்வளவு உருகுகிறானே என்று என் முதுகைத் தடவினார்கள். நெல்லுக்காகவும்தான். ஆனால் என் மனதுக்குள் நின்றது அந்த மேடு.

மழை விடவில்லை. முதலில் வரம்பு மறைந்தது. பிறகு கதிர் தள்ள இருந்த பயிர் மறைந்தது. வெளி முழுக்க ஒரே சாம்பல் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் கடலே திட்டியை உடைத்துக்கொண்டது. அதற்குள் களவெட்டியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று போயிருந்தது.

மேடு வெளியே தெரிந்த அன்றைக்கே தோணியில் போய்த் தோண்டினேன். மண்ணுக்குள்ளே எலி வளைகள். வெள்ளத்துக்குத் தப்பி, வெளியில் இருந்த எலி எல்லாம் அந்த ஒரு மேட்டுக்குத்தான் ஏறியிருக்கின்றன. வளை தோண்டி, யூரியா பை இரண்டையும் கடித்துக் குடைந்திருந்தன. அந்த ஓட்டையால் தண்ணீர் போயிருந்தது. கையை விட்டு எடுத்தேன். கொப்பி என்று ஒன்றும் இல்லை. உரலில் இடித்த ஈர மா மாதிரி ஒரு உருண்டை. குட்டி போட எலி கிழித்துப் பரப்பிய தாள் கொஞ்சம். அதிலே பென்சில் கோடுகள் இருந்தன. ஒரு துண்டிலும் ஒரு வரி முழுதாக இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் மீராசா காக்கா வந்தார்.

ஒரு சொல்

அவர் ஏறாவூர் நெல் வியாபாரி. எங்களோடு பழைய பழக்கம். நான் கொப்பிகளுக்கு நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எழுதுற காக்கா?" என்று கேட்டேன்.

"உண்மையை எழுதப் போறீங்களா? பயணம் போற மனுசன். கப்பல் ஏறப் போறவனுக்கும் பிளேன் ஏறப் போறவனுக்கும் ஊட்டில சாவு, மையித்தெண்டாலும் சொல்ல மாட்டம். போய்ச் சேந்தாப் புறகுதான் சொல்லுற."

உங்கள் அம்மாவும் அதையே சொன்னாள். "மனம் உடைஞ்சு போனா அங்க போய் என்னத்தப் பேசுவார்? நல்ல சொல்லா ஒண்டு எழுதி அனுப்புங்க. வந்தாப் புறகு காலைப் பிடிச்சிச் சொல்லுவம்."

எங்களில் அப்படித்தான். வெளிக்கிடுகிறவர் காதில் கெட்ட செய்தி விழக் கூடாது. என் அம்மா செத்தபோதும் கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்டு நின்ற தம்பிக்கு நாங்கள் சொல்லவில்லை. அது பிழை என்று யாரும் நினைத்ததில்லை, தம்பி உட்பட.

ரூபன், உன் பள்ளிக்கூடப் பேனையைத்தான் எடுத்தேன். அவர் எழுதிய அதே துண்டின் பின்பக்கத்தில், ஒரே ஒரு சொல் எழுதினேன்: பத்திரம்.

காக்கா அதை மடித்துச் சிகரட் பெட்டிக்குள் வைத்தார். உங்கள் அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். மூன்று பேருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த ஆறுதல்.

வரம்பிலே

சேர் திரும்பி வர அடுத்த ஆடி ஆகிவிட்டது. பாதை பூட்டிக் கிடந்தது ஒரு காரணம். இன்னொன்று, கொப்பிகளை வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம் எடுக்க அலைந்திருக்கிறார். எடுத்தும்விட்டார். மூன்று மொழியில், சீல் குத்தி, 'கணிதக் கொப்பிகள் 11' என்று. தோணியை விட்டு இறங்கியதும் அதைத்தான் முதலில் விரித்துக் காட்டினார். தோளில் புதுத் துணிப்பை.

ஒரு பிடி சோறு சாப்பிடுங்கள் என்றாலும் கேட்கவில்லை. களவெட்டிக்கு முன்னால் நடந்தார். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். பாதி வரம்பில் மண்வெட்டியை ஊன்றி நின்றேன்.

"சேர், நில்லுங்க."

"என்ன, பாம்பா?"

"இல்ல. கொப்பி இல்ல சேர்."

"எங்க மாத்தி வைச்ச?"

நான் சொன்னேன். வெள்ளம், எலி, எல்லாம். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "எப்ப?" என்றார்.

"மார்கழியில."

அவர் விரலை மடித்து எண்ணினார். "நான் பயணம் போனது தையில. மீராசா அதுக்கு முந்தித்தானே இஞ்ச வந்தவர்?"

"ஓம்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"ஓம் சேர்."

அவர் வரம்பிலேயே உட்கார்ந்தார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"அங்க எழும்பி நிண்டு, என்ட கணக்குச் செய்கை எல்லாம் ஊரில பத்திரமா இரிக்கி, கொண்டு வந்து காட்டுறன் எண்டு சொன்னன். உன்ட சொல்லை அப்படியே சொன்னன் விதானை. அப்ப அது எழுதி முடிச்சு மூணு மாசம். எல்லாம் தலைக்குள்ள இருந்திச்சு. நீ இல்லெண்டு எழுதியிருந்தா, கொழும்பில அறைக்குள்ள இருந்து ஒரு கிழமையில திரும்ப எழுதியிருப்பன். பத்திரம் எண்டபடியா விட்டுட்டன். பத்திரமா இரிக்கிறத ஆர் ஞாபகம் வைச்சிரிக்கிற?"

வெள்ளம் தின்றது பதினொரு கொப்பியை. அவர் தலைக்குள் இருந்ததைத் தின்றது என்னுடைய ஒரு சொல்.

அதே விதைநெல் அறையில் பதினெட்டு நாள் இருந்தார். புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். எழுதினார். கிழித்தார். உங்கள் அம்மா தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு, ஆறியதை எடுத்துக்கொண்டு வருவாள். "ஆறு வரைக்கும் வந்துட்டன். ஏழு வருதில்ல. எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போனன் எண்டே தெரியல்ல" என்றார் ஒரு நாள். அதன் பிறகு எழுதும் சத்தம் கேட்கவில்லை.

போகிற அன்று தோணித்துறையில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அந்த வெள்ளத்தில வேளாண்மை?"

"அழிஞ்சிட்டு சேர்."

"எவ்வளவு?"

"முழு வெளியும்."

"அதையும் நீ எழுதல்ல" என்றார். தோணி ஏறிப் போனார்.

அவரிடம் இருந்து ஒரு கடிதம்தான் வந்தது. புதிதாக அடித்த புத்தகத்தில் அவருடைய பெயரை எடுத்துவிட்டார்களாம். 'அவர்களில் பிழை இல்லை. காட்டாததை வைத்திருக்க முடியாது' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருதய வருத்தத்தில் செத்துப்போனார். பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்தது. அதிலே 'இளைப்பாறிய கணித ஆசிரியர்' என்று போட்டிருந்தார்கள்.

வதனி, இனி உனக்கு.

நீ கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று காலையில் வான் வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்த நேரம்தான் உன் மாமா காலமான செய்தி வந்தது. உன்னைச் சின்ன வயதில் சைக்கிளில் ஏற்றித் திரிந்த மாமா. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "புள்ள போகட்டும். இறங்கினாப் புறகு சொல்லுவம்" என்றாள். நான் கையை உதறிவிட்டு வந்து, வான் கதவைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சொன்னேன்.

நீ அழவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டாய். "விடிய" என்றேன். விமானத்தை விட முடியாது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வான் போய்விட்டது. அம்மா மூன்று மாதம் எனக்கு நேரே நின்று சோறு போடவில்லை. ஊரில் எல்லாரும், இவன் என்ன தகப்பன் என்றார்கள். நீ அங்கே யாருமில்லாத அறையில் தனியே அழுது கிடந்தாய் என்று பிறகு வேறு ஆட்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நீ இன்றைக்கு வரைக்கும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ரெலிபோனில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதினேன்.